ஃபாய்பிள்: வாள்முனையிலிருந்து வந்த ஒரு சொல்

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவரின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்காக அவருடைய குடும்பத்தார் சிறு மலர் ஒன்றை அச்சிட ஏற்பாடு செய்தார்கள். வெளிநாட்டில் படிக்கும் பேரன் தாத்தாவைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதி அனுப்பியிருந்தான். அதைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்தது. தாத்தாவை அவருடைய ‘ஃபாய்பிள்’களோடு சேர்த்தே நாங்கள் நேசித்தோம் என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. நான் அதிகம் யோசிக்காமல் ‘அவருடைய பலவீனங்களோடு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மெய்ப்புப் படியைப் படித்துக்கொண்டிருந்த ஆசிரியரின் தங்கை, எழுபதைத் தாண்டியவர், அந்த இடத்தில் நிறுத்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “எங்க அண்ணனுக்கு என்ன தம்பி பலவீனம்? குடிச்சாரா, சீட்டாடினாரா?” என்று கேட்டார்.

குடிக்கவும் இல்லை, சீட்டாடவும் இல்லை. வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகளைச் சிவப்பு மையால் திருத்திய பிறகே அலமாரியில் வைப்பார். வெளியே கிளம்பும்போது பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய், நான்காவது முறை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருவார். பேரன் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் தமிழில் ஒரு மனிதரின் ‘பலவீனங்கள்’ என்று அச்சில் வந்துவிட்டால், வாசிக்கிறவர் மனம் மதுவுக்கும் சூதுக்கும் மாதருக்கும் போவதைத் தடுக்க முடியாது. அன்று அந்த வரியை அடித்துவிட்டு, இந்த ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன். அது மனித குணத்தைப் பற்றிய சொல்லாகப் பிறக்கவே இல்லை. அது ஒரு வாளின் பாகத்துக்குப் பெயர்.

ஐரோப்பிய வாள்வீச்சில் ஒரு வாளின் அலகு முழுவதும் ஒரே தன்மையுடையதாகக் கருதப்படுவதில்லை. கைப்பிடியை ஒட்டிய பகுதி வலிய பகுதி; அதற்குப் பிரெஞ்சில் ‘ஃபோர்’, ஆங்கிலத்தில் ‘ஃபோர்ட்’. முனையை நோக்கிச் செல்லும் மற்றப் பகுதி மெலிய பகுதி, அதுதான் ‘ஃபாய்பிள்’. நடுவில் மூன்றாவதாக ஒரு பகுதியைப் பிரித்துச் சொல்லும் ஆசிரியர்களும் உண்டு. இங்கே வலிமை, மெலிவு என்பவை இரும்பின் தரத்தைக் குறிப்பவை அல்ல. முனைப் பக்கத்து இரும்பு மோசமான இரும்பு அல்ல. அந்தப் பகுதி கையிலிருந்து தொலைவில் இருக்கிறது, அதனால் எதிர்ப்பைத் தாங்காது, அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொள்ள வாள் தேவையில்லை. வீட்டில் இருக்கும் ஒட்டடைக் கம்பு போதும். நீளமான கம்பை அடிப்பக்கத்தில் ஒரு கையால் பிடித்துத் தரைக்கு இணையாக நீட்டுங்கள். பிடிக்கு ஒரு சாண் தள்ளி யாராவது கீழே அழுத்தினால் கை எளிதாகத் தாங்கிக்கொள்ளும். அதே ஆள் மறுகோடிக்குப் போய் அழுத்தினால், அவர் ஐந்து வயதுக் குழந்தையாக இருந்தாலும், மணிக்கட்டு வளைந்துவிடும். நெம்புகோல் கணக்கு இதுவே. பிடியிலிருந்து 15 சென்டிமீட்டர் தொலைவில் அழுத்தும் ஒரு கிலோ எடையும், 75 சென்டிமீட்டர் தொலைவில் அழுத்தும் அதே ஒரு கிலோ எடையும் கைக்கு ஒன்றல்ல; இரண்டாவது 5 மடங்கு திருகும். வாள்வீச்சில் தற்காப்புக் கலையின் அடிப்படையே இந்த 5 மடங்குதான். எதிராளியின் வாள் பாய்ந்து வரும்போது அதைத் தன் வாளின் நுனியால் தடுக்க முயல்பவர் தோற்றுவிடுவார். தன் வாளின் வலிய அடிப்பகுதியை எதிராளி வாளின் மெலிய நுனிப்பகுதியோடு சந்திக்கச் செய்பவர், உடல் வலிமையில் குறைந்தவராக இருந்தாலும், சற்றே மணிக்கட்டைத் திருப்பி அந்தப் பாய்ச்சலை ஓரம்கட்டிவிடுவார்.

சென்னையில் பிறந்து வளர்ந்த பவானி தேவி, ஒலிம்பிக் வாள்வீச்சுக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியர் என்ற பெருமையோடு 2021-இல் டோக்கியோவில் களமிறங்கியபோது, முதல் சுற்றில் துனிசிய வீராங்கனையை 15-3 என்று வென்றதையும், அடுத்த சுற்றில் பிரான்சின் மனோன் புருனேயிடம் 7-15 என்று தோற்றதையும் தொலைக்காட்சியில் பலர் பார்த்திருப்போம். அவருடைய ஆயுதம் சேபர்; அதில் அலகின் விளிம்பு பட்டாலும் புள்ளி கிடைக்கும். ஃபாயில், எப்பே என்ற மற்ற இரு வகைகளில் முனை குத்தினால்தான் புள்ளி. ஃபாயில் வாளின் அலகு 90 சென்டிமீட்டருக்கு மேல் நீளக் கூடாது என்பதும், முழு வாளும் 500 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பதும் சர்வதேச விதி. அதன் முனையில் உள்ள சிறு பொத்தான் எதிராளியின் மேல் குறைந்தது 500 கிராம் எடைக்கு ஈடாக அழுந்தினால்தான் விளக்கு எரியும். அந்தப் பொத்தான் இருக்குமிடம் ஃபாய்பிளின் கடைசி நுனி. ஆக, வாளின் மெலிந்த பகுதி என்று பெயர்பெற்ற இடம்தான் வாள் தன் வேலையைச் செய்கிற இடமும். ஃபாயிலில் கைப்பிடியோரத்து வலிய பகுதி எத்தனை உறுதியாக இருந்தாலும் அதனால் ஒரு புள்ளிகூட எடுக்க முடியாது. எனக்கு இந்தச் சொல்லில் பிடித்த விஷயம் இதுதான்; பின்னால் பொருள் எப்படியெல்லாம் மாறியது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது.

வாளை இப்படி இரண்டாகப் பார்க்கும் வழக்கத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் கண்டுபிடித்ததாகச் சொல்ல முடியாது. 15-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய வாட்பயிற்சிச் சுவடிகளிலேயே அலகின் வலிய பகுதிக்கும் மெலிய பகுதிக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. அவை இன்றைய ஜெர்மன் மொழியில் வலிமை, பலவீனம் என்ற பொதுச் சொற்களே. இத்தாலியரும் தங்கள் மொழியில் அப்படியே பெயரிட்டார்கள். ஆனால் 17-ஆம் நூற்றாண்டில் கனத்த நீண்ட வாள் பின்வாங்கி, இடுப்பில் அணிகலன்போலத் தொங்கும் மெல்லிய குத்துவாள் மேட்டுக்குடியினரின் வழக்கமானபோது, அந்தக் கலையின் தலைமை பாரிஸுக்குப் போயிற்று. கலையோடு சொற்களும் பிரெஞ்சிலிருந்தே பரவின. ஆங்கிலத்தில் ஃபாய்பிள், ஃபோர்ட் என்ற இரண்டும் வாளின் பாகங்களாக 1640-களில் தென்படத் தொடங்குகின்றன. இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்த காலம் அது. பின்னர் 1660-இல் அரியணைக்குத் திரும்பிய இரண்டாம் சார்லஸும் அவரைச் சூழ்ந்திருந்த பலரும், நாடுகடந்த வாழ்வின் ஒரு பகுதியைப் பிரான்சில் கழித்தவர்கள். அவர்கள் திரும்பியபோது உடை, உணவு, தலைமுடி, பேச்சு எல்லாவற்றிலும் பிரெஞ்சு மோகம் கூடவே வந்தது.

அந்த மோகத்தைக் கிண்டல் செய்த ஒரு நாடகத்தில்தான் நம் சொல், வாளை விட்டிறங்கி மனிதர்களின் பேச்சுக்குள் நுழைவதைப் பார்க்க முடிகிறது. ஜான் டிரைடன் எழுதி 1673-இல் அச்சான ‘மேரேஜ் ஆ லா மோட்’ நாடகத்தில் மெலாந்தா என்றொரு சீமாட்டி வருகிறாள். அன்றாடம் புதுப் பிரெஞ்சுச் சொற்களைத் தன் பேச்சில் உதிர்க்காவிட்டால் அவளுக்கு உயிர் தங்காது. அவளுடைய பணிப்பெண் நாள்தோறும் ஒரு சொற்பட்டியல் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். பதினான்கு பதினைந்து சொற்கள் இருந்தால் மாலை வரை தாங்காதே என்று சீமாட்டி அங்கலாய்க்கிறாள். அந்தப் பட்டியலில் உள்ள சொற்களில் ஒன்று ஃபாய்பிள். அதோடு வரிசையில் நின்ற பல சொற்கள் இன்று ஆங்கிலத்தில் யாரும் அந்நியம் என்று நினைக்காத அளவுக்குக் கலந்துவிட்டன என்பது டிரைடனே எதிர்பார்த்திராத முடிவு. ‘ஸ்டைல்’, ‘மூட்’, ‘டென்ஷன்’ என்று நாம் பேசத் தொடங்கிய காலத்தில் நம்மைக் கிண்டல் செய்த துணுக்குகளும் இப்படித்தான் காலாவதியாகிப்போயின.

அதற்கு ஒரு தலைமுறைக்குள் சொல் எவ்வளவு ஊன்றிவிட்டது என்பதற்கு இன்னொரு நாடகம் சாட்சி. வில்லியம் காங்கிரீவின் ‘தி வே ஆஃப் தி வேர்ல்ட்’ 1700-இல் மேடையேறியபோது, அதில் விஷ்ஃபோர்ட் சீமாட்டியின் பணிப்பெண்ணுக்கு ஃபாய்பிள் என்றே பெயர். குணத்தைப் பெயராகச் சூட்டும் வழக்கம் அந்தக் கால நகைச்சுவை நாடகங்களுக்கு உரியது. அரங்கில் அமர்ந்திருந்தவர்களுக்கு அந்தப் பெயர் கேட்டவுடன் சிரிப்பு வர வேண்டுமானால், சொல் அதற்குள் எல்லோருக்கும் பழகியிருக்க வேண்டும்.

பிரெஞ்சு அகராதியில் இன்று இந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. அங்கே அது ‘ஃபேப்ல்’ ஆகிவிட்டது. எழுத்திலும் ‘ஓ-இ’ போய் ‘ஆ-இ’ வந்துவிட்டது. லத்தீனின் நெடில் ‘ஏ’ பழைய பிரெஞ்சில் ‘ஒய்’ என்று மாறி, பிறகு ‘வெ’ என்று திரிந்து, பாரிஸ் நகரத்தார் வாயில் இரண்டு கிளைகளாகப் பிரிந்தது. சில சொற்களில் அது ‘வா’ ஆயிற்று. அரசனைக் குறிக்கும் ‘ருவா’, என்னை என்று பொருள்படும் ‘முவா’ இரண்டும் அவ்வழி வந்தவை. மற்றவற்றில் ‘எ’ என்று மெலிந்தது. ஒலி இரண்டாகப் பிரிந்த பிறகும் எழுத்து நெடுங்காலம் ஒன்றாகவே இருந்தது. எழுத்தையும் ஒலிக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்று 18-ஆம் நூற்றாண்டில் வால்டேர் வலியுறுத்தினார். பிரெஞ்சு அகாதெமி தன் அகராதியின் ஆறாம் பதிப்பில், 1835-இல்தான் அதை ஏற்றது. ஆங்கிலம் அதற்கு வெகு முன்பே கடன் வாங்கிவிட்டதால் பழைய எழுத்தையே வைத்துக்கொண்டு, அதைத் தன் வழக்கப்படி ‘ஆய்’ என்று ஒலிக்கத் தொடங்கியது. ரசனை தேர்ந்தவரைக் குறிக்கும் ‘கானசர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்தில் ஓர் ஓட்டை ‘ஓ-இ’ நின்றுகொண்டு மாணவர்களை இன்றும் பாடாய்ப் படுத்துவதற்கும் இதே வரலாறுதான் காரணம். நமக்கு அருகிலேயே ஒரு சான்றும் உண்டு. புதுச்சேரியைப் பிரெஞ்சுக் குடியேற்றமாக நிலைநிறுத்திய பிரான்சுவா மர்த்தேன் பெயரில் அங்கே இன்றும் ஒரு வீதி இருக்கிறது. ‘பிரான்சுவா’ என்ற அந்த ஆட்பெயரும், பிரெஞ்சுக்காரரைக் குறிக்கும் ‘பிரான்சே’ என்ற சொல்லும் மூலத்தில் ஒன்றே. ஆட்பெயர் ஒரு கிளையில் போயிற்று, இனப்பெயர் மறு கிளையில் போயிற்று.

இன்னும் பின்னோக்கிப் போனால் லத்தீனின் ‘ஃப்ளேபிலிஸ்’ வருகிறது. ‘ஃப்ளேரே’ என்றால் அழுதல். ஃப்ளேபிலிஸ் என்றால் அழத்தக்கது, பிறர் அழும்படியான நிலையில் இருப்பது. ரோமானியக் கவி ஹொரேஸ் கி.மு. 23-இல் வெளியிட்ட பாடல்களில் ஒன்று, குவின்டிலியஸ் என்ற நண்பரின் சாவுக்காக வர்ஜிலுக்கு ஆறுதல் சொல்வது. நல்லவர் பலர் அழ அவர் மறைந்தார், உன்னைவிட அதிகமாக அழுதவர் எவருமில்லை என்று அதில் சொல்லும் இடத்தில் இந்தச் சொல்லைத்தான் அவர் கையாள்கிறார். கண்ணீருக்கு உரியது என்பது பரிதாபத்துக்கு உரியது என்றாகி, பரிதாபத்துக்கு உரியது வலுவற்றது என்றாகி, பழைய பிரெஞ்சில் ‘ஃபெப்ல்’ என்றும் ‘ஃபொய்ப்ல்’ என்றும் வந்து நின்றது.

வரும் வழியில் சொல் ஒரு ‘ல’கரத்தை இழந்தது. மூலத்தில் இரண்டு ‘ல’கரங்கள் இருந்தன, ஒரே ஒலி அடுத்தடுத்து வரும்போது நாக்கு ஒன்றைக் கைவிடும் அல்லது மாற்றிவிடும். நம் பிள்ளைகள் ‘ரப்பர் பந்து’ என்பதை ‘லப்பர் பந்து’ என்கிறார்களே, அங்கேயும் இரண்டு ‘ர’கரங்களில் முதலாவதை நாக்கு அதே காரணத்துக்காகத்தான் மாற்றிக்கொள்கிறது. இந்தப் பழைய பிரெஞ்சுச் சொல்லை ஆங்கிலம் முன்பே ஒருமுறை, நார்மானியர் ஆட்சியை ஒட்டிய நூற்றாண்டில், வாங்கியிருந்தது. நோயாளியின் குரலுக்கும் முதியவரின் கைப்பிடிக்கும் சொல்லப்படும் ‘ஃபீபிள்’ அந்த முதல் கடன். ஐந்நூறு ஆண்டு கழித்து, அதே கடையில் அதே சரக்கை வேறு பொட்டலத்தில் வாங்கியதுதான் ஃபாய்பிள். இரண்டும் உடன்பிறப்புகள் என்பது பேசுகிறவர்களுக்குத் தெரியாது. ஒன்று படுக்கையில் கிடக்கிறது, மற்றது விருந்து மேசையில் கதையாகச் சொல்லப்படுகிறது.

மெலிய பகுதி என்ற பொருளிலிருந்து, மன்னிக்கத்தக்க சிறு குணக்கோணல் என்ற பொருளுக்கு இந்தச் சொல் வந்ததை யாரும் முடிவுசெய்து நடத்தவில்லை. தொடக்கத்தில், ஒருவரின் ஃபாய்பிள் என்றால் அவரை எங்கே தொட்டால் சாய்வார் என்று தெரிந்துகொள்ள வேண்டிய இடம் என்றே பொருள். எதிராளியின் கண்ணால் பார்த்துச் சொன்ன சொல் அது. ஒருவரின் ‘ஃபோரும் ஃபேபிளும்’ அறிந்திருப்பது என்று பிரெஞ்சில் ஒரு தொடரே உண்டு. பிறகு மெல்ல அந்தக் கூர்மை மழுங்கியது. வாளைக் குறித்த அதன் முதல் பொருளை நினைவில் வைத்துப் பார்த்தால் அது மழுங்கியதில் வியப்பில்லை. ஃபாய்பிள் இல்லாத வாள் கிடையாது. எந்தக் கொல்லரும் அதை நீக்கிச் செய்ய முடியாது. இருப்பதற்காக வாளுக்கு வெட்கமும் இல்லை.

பக்கத்தில் உள்ள ஆங்கிலச் சொற்களோடு வைத்துப் பார்க்கும்போது இது தெளிவாகும். ‘ஃப்ளா’ என்பது சில்லு, சிதறல் என்ற பொருளிலிருந்து விரிசல் என்றாகி வந்த சொல். வார்ப்பில் விரிசல் விழுந்த வாள் என்றாவது ஒருநாள் கையோடு உடையும். ‘ஃபால்ட்’ தவறிப்போதல், ஏமாற்றுதல் என்ற லத்தீன் வினையைச் சேர்ந்தது. அதில் பொறுப்பும் பழியும் உண்டு. ‘ஃப்ரெய்ல்டி’ எளிதில் உடையக்கூடிய தன்மை. ‘வைஸ்’ வந்துவிட்டால் பேச்சு ஒழுக்கத்துக்குப் போய்விடும். ஸ்பானிய மொழியிலிருந்து வந்த ‘பெக்கடில்லோ’ கொஞ்சம் நெருங்கி வருகிறது, ஏனெனில் அதன் பொருள் குட்டிப் பாவம். ஆனால் எவ்வளவு குட்டியானாலும் பாவம் பாவம்தான், செய்தால்தான் பாவம். ஃபாய்பிள் செய்யப்படுவதல்ல, இருப்பது. ஆயுதப் பயிற்சியிலிருந்து மனித குணத்துக்கு வந்த இன்னொரு புகழ்பெற்ற சொல் கிரேக்கத்தின் ‘ஹமார்த்தியா’. எறிந்த ஈட்டி குறி தவறுவதைச் சொல்லும் வினையிலிருந்து பிறந்து, அரிஸ்டாட்டில் வழியாகத் துன்பியல் நாயகனின் பிழைக்குப் பெயரானது. குறி தவறிய ஈட்டியால் ஓர் அரச குடும்பமே அழியலாம். பூட்டை நான்காம் முறை இழுத்துப் பார்ப்பதால் பேருந்து தவறும், அவ்வளவே.

ஜோடியாக வந்த மற்றச் சொல்லின் கதை சற்று வேடிக்கையானது. ‘ஃபோர்’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு ஆங்கிலேயர் 18-ஆம் நூற்றாண்டில் இத்தாலியச் சாயலில் கடைசியில் ஓர் ‘எ’ சேர்த்தார்கள்; இசையில் உரத்து வாசிக்கச் சொல்லும் ‘ஃபோர்த்தே’யோடு அது குழம்பிவிட்டது. இன்று நம் அலுவலகங்களில் ‘அது என் ஃபோர்ட்டே இல்லை’ என்று சொல்பவர்கள், தெரியாமலேயே வாளின் அடிப்பகுதியை இத்தாலிய இசைக்குறியாக உச்சரிக்கிறார்கள். அதைத் திருத்திக்கொண்டிருப்பது வீண் வேலை. அதைவிட, இவர்கள் யாரும் அதே மூச்சில் தம் ஃபாய்பிளைச் சொல்வதில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. வாளில் பிரிக்க முடியாமல் இருந்த இரண்டும் பேச்சில் பிரிந்துவிட்டன. ஒன்று தன்விவரக் குறிப்புக்குப் போயிற்று, மற்றது இரங்கல் உரைக்குப் போயிற்று.

பிரெஞ்சில் தங்கிவிட்ட ‘ஃபேப்ல்’ வேறொரு வழியில் இனித்தது. ஒன்றின்மீது ‘ஒரு ஃபேப்ல் இருக்கிறது’ என்றால், அதன்மேல் அடக்க முடியாத ஆசை என்று பொருள். இத்தாலியரும் ஜெர்மானியரும் தங்கள் தங்கள் சொல்லை வைத்து அதே தொடரை அமைக்கிறார்கள். ஆங்கிலத்தில் அது ‘வீக்னஸ்’ ஆனது, அங்கிருந்து நேரே நம் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டது. “அவருக்கு ஜாங்கிரின்னா ஒரு வீக்னஸ்” என்று எந்த மாமியும் இன்று தயங்காமல் சொல்வார். இதில் ‘வீக்னஸ்’ என்ற சொல்லை எடுத்துவிட்டுப் ‘பலவீனம்’ என்று வைத்துப் பாருங்கள். ஜாங்கிரி சாப்பிட்டதால் அவருக்குச் சர்க்கரை ஏறிவிட்டதோ என்று கேட்கத் தோன்றும். பொருள் ஒன்றாக இருந்தும் ஒன்று செல்லமாகவும் மற்றது மருத்துவமாகவும் ஒலிக்கின்றன. கலப்புத் தமிழைக் கண்டிப்பவர்கள் ‘வீக்னஸ்’ ஏன் உள்ளே வந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அதற்கு உட்கார ஓர் இடம் காலியாக இருந்தது.

காலியாக இருந்ததற்குக் காரணம், நம்மிடமிருந்த சொற்கள் வேறு உருவகத்திலிருந்து வந்தவை என்பதே. பலவீனம் என்பது வடமொழியின் ‘பலஹீன’. பலம் நீங்கியது, பலம் அற்றது. தமிழில் அது பலஹீனம் என்றும் பலகீனம் என்றும் எழுதப்பட்டு, இப்போது பெரும்பாலும் பலவீனம் என்று நிலைத்திருக்கிறது. நடுவில் ‘வீ’ வந்ததால் உள்ளே இருக்கும் ‘ஹீனம்’, அதாவது நம் பேச்சில் வழங்கும் ‘ஈனம்’, கண்ணுக்குத் தெரிவதில்லை. குறை, குறைபாடு என்பவை அளவில் போதாமை. இவை எல்லாம் ஒன்று இல்லாததைச் சொல்கின்றன. ஃபாய்பிளோ இருக்கும் ஒன்றைச் சொல்கிறது, அதுவும் ஓர் இடத்தை. ‘சபலம்’ நிலையின்றி அலைவதைக் குறிக்கும் வடசொல்லின் வழி வந்தது. நினைவு மலரில் அதைப் போட்டிருந்தால் அந்த அம்மா என்னை வீட்டை விட்டே அனுப்பியிருப்பார். ‘கிறுக்கு’ என்ற சொல் குணத்தில் நெருங்குகிறது. ‘காபிக் கிறுக்கு’, ‘சினிமாக் கிறுக்கு’ என்னும்போது அதில் வாஞ்சை உண்டு. ஆனால் வயதில் மூத்தவரிடம் அது செல்லாது, அச்சிலும் ஏறாது.

சொல் இல்லை என்பதால் கருத்தும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. நாலடியாரில் ‘நட்பிற் பிழைபொறுத்தல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அதன் முதல் பாட்டு, நல்லவர் என்று விரும்பி நட்புக் கொண்டவர் அப்படி இல்லாதபோதும் அதை மனத்துக்குள் அடக்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, “நெல்லுக்கு உமியுண்டு நீர்க்கு நுரையுண்டு புல்லிதழ் பூவிற்கும் உண்டு” என்று காரணம் காட்டுகிறது. உமியைப் பற்றிச் சற்று நினைத்துப் பார்த்தால் வாளின் நுனிக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்பது தெரியும். உமி நெல்லின் குறையல்ல. உமி இல்லாவிட்டால் அது அரிசி; மண்ணில் இட்டால் முளைக்காது. களத்தில் புடைக்கும்போது தள்ளப்படுகிற பொருள், வயலில் இருந்தவரை மணியைக் காத்த பொருள். ஐரோப்பியர் போர்க்கலையிலிருந்து எடுத்த உருவகத்தை நம்மவர் உழவிலிருந்து எடுத்திருக்கிறார்கள். பெயர்ச்சொல் ஒன்றை வார்க்காமல் உவமையாகவே விட்டுவிட்டார்கள்.

ஆனால் இந்தத் தாராளம் பிறருக்கு மட்டும்தான். தன்னைப் பற்றிய பேச்சு வந்தால் அளவுகோல் மாறிவிடும். குற்றங்கடிதல் அதிகாரத்தில் வள்ளுவர், பழிக்கு நாணுகிறவர் தினையளவு குற்றம் வந்தாலும் அதைப் பனையளவாகக் கொள்வார் என்கிறார். நாலடியாரையும் குறளையும் சேர்த்து வைத்தால், பிறர் குற்றம் உமி, தன் குற்றம் பனை என்றாகிறது. ஆங்கிலத்தில் இந்தப் பாகுபாடு கிடையாது. ‘என் ஃபாய்பிள்கள்’ என்று ஒருவர் தன்னைப் பற்றியே புன்னகையோடு சொல்லிக்கொள்ளலாம். அப்படிச் சொல்கிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. தன் வாளின் நுனி எங்கே மெலிகிறது என்பதை அறிந்தவர் அதை மறைத்து ஆடுவார். அதைச் சுட்டிக்காட்டி ரசிப்பவர் பெரும்பாலும் வேறெதையோ மறைக்கிறார். இந்தச் சொல் நன்றாக அமர்வது, நேசிக்கிற இன்னொருவர் வாயில்தான். பேரன் சரியான இடத்தில்தான் வைத்திருந்தான்.

அன்றாடத் தமிழில் இந்த வேலையை எது செய்கிறது என்று காதைக் கூர்மையாக்கிக் கேட்டால், ஒரு பெயர்ச்சொல்லும் அகப்படாது. ஓர் இணைப்புச் சொல் அகப்படும். “தங்கமான மனுஷன், ஆனா பில்லு வந்தா மட்டும் பாத்ரூம் போயிடுவார்.” “எல்லாம் சரிதான், ஆனா அவர்கிட்ட பேனாவைக் குடுத்தா திரும்பி வராது.” இந்த ‘ஆனா’வுக்கு முன்னால் சொன்ன நன்மையை அதற்குப் பின்னால் வருவது ரத்து செய்வதில்லை, பேசுகிறவரின் குரல் அங்கே தாழ்ந்து, உதட்டோரம் சற்று விரிகிறது. குற்றம்சாட்டும் ‘ஆனால்’ இப்படி ஒலிக்காது. நாம் அதைப் பெயராக்கிப் பட்டியலிடாமல் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு சம்பவமாகச் சொல்கிறோம். அதனால்தான் ‘அவருடைய இன்னின்னவற்றோடு’ என்று ஒரே சொல்லில் அடக்கும் ஆங்கில வாக்கியம் தமிழுக்கு வரும்போது முரண்டு பிடிக்கிறது. சொல்லைத் தேடுவதை விட்டுவிட்டு, அந்தச் சொல்லுக்குள் பேரன் எதை நினைத்தானோ அதை எழுதிவிடுவதுதான் வழி.

அப்படியே எழுதினேன். பலவீனங்கள் இருந்த இடத்தில் கல்யாணப் பத்திரிகைகளும் சிவப்பு மையும் நான்காம் முறை இழுத்துப் பார்த்த பூட்டும் வந்தன. ஒரு வரி ஆறு வரியாயிற்று, பக்கம் நிரம்பிவிட்டது என்று அச்சகத்தார் முணுமுணுத்தார்கள். திருத்திய படியை அந்த அம்மாவிடம் கொடுத்தேன். படித்து முடித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே, “அடுத்தவங்க குடையை எடுத்துட்டு வந்துடுவாரே, அதை விட்டுட்டியே தம்பி” என்றார்.